ரெசினில் குமிழி: டார்ச்சை எடுக்கும் முன் அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

மோல்டு எனும் அச்சில் ஊற்றி இறுகவைக்கும் ரெசின் வார்ப்பில் குமிழி வந்துவிட்டது என்று யாரிடம் கேட்டாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "டார்ச் காட்டுங்க." கேஸில் எரியும் தீச்சுடர் டார்ச்சைத்தான் சொல்கிறார்கள். மேல்மட்டத்தில் நிற்கும் குமிழிக்கு அது சரி. அடியில், மோல்டின் ஓரத்தில், பூவின் இடுக்கில், மரத்தின் துளையில் இருந்து வரும் குமிழியை டார்ச் தொடாது. மரத்தைச் சூடாக்கினால் குமிழி இன்னும் கூடும்.

ஆகவே முதலில் இரண்டு கேள்விகள். குமிழி எங்கே நிற்கிறது? எப்போது கண்ணில் பட்டது? கிளறும்போது புகுந்த காற்று ஊற்றிய உடனேயே தெரியும். இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் புதிதாகத் தெரிகிறது என்றால், உங்கள் கிளறலைக் குறை சொல்லிப் பயனில்லை. உள்ளே வைத்த பொருளோ, மோல்டோ, ரெசினின் சொந்தச் சூடோதான் அதைக் கொண்டு வந்திருக்கும்.

கீழே சொல்வதெல்லாம் வீட்டில் அதிகம் பயன்படும் இரண்டு பாட்டில் எபாக்சிக்கு; ஒரு பாட்டிலில் ரெசின், இன்னொன்றில் அதை இறுக வைக்கும் ஹார்டனர். யுவி விளக்கில் இறுகும் யுவி ரெசினும், பாலியூரித்தேன் என்ற இன்னொரு வகை ரெசினும் பின்னால் தனியாக வருகின்றன.

கிளறி முடித்ததுமே கோப்பை முழுக்க நுரை

இதற்குக் காரணம் கையின் வேகம், இல்லையென்றால் குளிர்ந்து கெட்டியாக இருக்கும் ரெசின். ஆம்லெட்டுக்கு முட்டை அடிக்கிற மாதிரி அடித்தால் நுரைக்கத்தான் செய்யும். தட்டையான விளிம்புள்ள சிலிகான் அல்லது பிளாஸ்டிக் குச்சியை அடியில் ஊன்றி, ரெசினை விட்டு வெளியே எடுக்காமல், மெதுவாக மூன்று முதல் ஐந்து நிமிடம் சுற்றுங்கள். பக்கச் சுவரையும் அடியையும் வழித்து வழித்துச் சேர்க்க வேண்டும். ஐஸ் குச்சி மலிவுதான். ஆனால் அது மரம், தன் துளைகளில் இருக்கும் காற்றை ரெசினுக்குள் விடும்.

பொடிக் குமிழிதான் ஏன் தொல்லை தருகிறது என்பதற்கு எளிய கணக்கு உண்டு. குமிழி மேலே ஏறும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விட்டம் பாதியானால் வேகம் கால்பங்காகிவிடும். பெரிய குமிழி தானாகவே மேலே போய் உடையும். வேகமாக அடித்துத் துண்டாக்கிய பொடிக் குமிழி, ரெசின் இறுகும்வரை பாதி வழியிலேயே நிற்கும்.

ரெசின் பாட்டிலை வெந்நீரில் வைக்கச் சொல்லும் வீடியோக்களை நிறையப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பெரும்பாலானவை குளிர்நாட்டு அறைகளில் எடுத்தவை. மே மாதம் சென்னையிலோ மதுரையிலோ உங்கள் அலமாரியில் இருக்கும் பாட்டில் ஏற்கெனவே 30 டிகிரியைத் தாண்டியிருக்கும். அதை மேலும் சூடாக்கினால் ரெசின் இளகும் என்பது உண்மைதான், ஆனால் வேலை செய்யும் நேரம், அதாவது கலந்த ரெசின் கெட்டிப்படும் முன் கிடைக்கும் நேரம், சுருங்கிப்போகும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் இந்த நேரம் ஏறக்குறைய பாதியாகும். லேபிளில் 40 நிமிடம் என்று போட்டிருப்பது பொதுவாக 25 டிகிரிக்கு. அதனால் கோடையில் வெந்நீர் வேண்டாம். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருந்தாலோ, ஏசி அறையில் 20 டிகிரியில் வேலை செய்தாலோ வெந்நீர் உதவும். ரெசின் பாட்டிலை மட்டும், மூடியை இறுக்கி, 40 டிகிரி அளவு வெதுவெதுப்பான நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். திறக்கும் முன் பாட்டிலை நன்றாகத் துடையுங்கள். கழுத்தில் தங்கிய ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே விழுந்தால் அது வேறு ஒரு பிரச்சினையைத் தொடங்கி வைக்கும்.

கலந்த பிறகு ஐந்து நிமிடம் அப்படியே விடுவது நல்லது. ஆனால் 200 கிராமுக்கு மேல் கலந்திருந்தால், உயரமான கோப்பையில் விடாமல் அகலமான பாத்திரத்துக்கு மாற்றிவிட்டுக் காத்திருங்கள். கோப்பையின் வெளிப்பக்கம் சூடேறத் தொடங்கினால் காத்திருப்பு முடிந்தது; உடனே ஊற்றிவிடுங்கள்.

ஊற்றிய பிறகு மேற்பரப்பில் மட்டும் குமிழி

இது ஒன்றுக்குத்தான் டார்ச். அதற்கும் முன்பாக, ஊற்றும் விதத்தைப் பாருங்கள். ஓர் அடி உயரத்திலிருந்து, மெல்லிய இழையாக, ஒரே இடத்தில் ஊற்றினால் இழை நீளும்போதே பல குமிழிகள் இழுபட்டு உடையும்.

டார்ச்சையோ, சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னையோ ஓரிடத்தில் நிறுத்தக் கூடாது. பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் தள்ளி, இரண்டு மூன்று விநாடியில் கடந்து போகும்படி வீசுங்கள். முதல் அரை மணி நேரத்தில் சில முறை, அவ்வளவுதான். ரெசின் கெட்டிப்படத் தொடங்கிய பிறகு சூடு காட்டினால் உடைந்த குமிழி மூடிக்கொள்ளாது, பள்ளமாக நிற்கும். ஹேர் டிரையர் இதற்கு ஆகாது. அதில் சூட்டைவிடக் காற்று அதிகம். தூசியைக் கொண்டு வந்து போடும், ரெசினையும் ஓரத்துக்குத் தள்ளும்.

சிலிகான் மோல்டில் தீ நாக்கு படக் கூடாது. பளபளப்பு போய்விடும், பிறகு அந்த மோல்டில் வார்க்கும் எல்லாமே மங்கலாக வரும். கீசெயின், காதணி போன்ற சின்ன மோல்டுகளுக்குப் பல் குச்சியே போதும். சிலர் 99 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலை ஸ்பிரே செய்வார்கள். மெல்லிய பனியாக ஒரே ஒரு முறை அடித்தால் குமிழி உடையும். சொட்டாக விழுந்தால் தடம் நிற்கும். அது தீப்பற்றும் பொருள். ஸ்பிரேயும் டார்ச்சும் ஒரே மேசையில் இருக்க வேண்டாம்.

மோல்டிலிருந்து எடுத்தால் அடிப்பக்கத்தில் குண்டூசித் துளைகள்

மேலே கண்ணாடி போல இருந்தது, திருப்பினால் எழுத்தின் மூலையிலும் பிள்ளையாரின் தும்பிக்கை மடிப்பிலும் சிறு சிறு பள்ளம். ரெசின் அந்த இடத்துக்குப் போய்ச் சேரவில்லை; காற்று அங்கேயே மாட்டிக்கொண்டது. மொத்தத்தையும் ஒரே மூச்சில் ஊற்றியதுதான் காரணம்.

முதலில் கொஞ்சம் ரெசினை மென்மையான பிரஷ்ஷால் மோல்டின் உட்பக்கம் முழுக்கத் தடவுங்கள். பிறகு மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, மோல்டை மெல்லச் சாய்த்து, அமுக்கி விட்டு, மூலைகளைப் பல் குச்சியால் வருடிவிடுங்கள். அதன் பின்தான் மீதி. நிறம் சேர்த்த, ஒளி ஊடுருவாத வார்ப்பு என்றால் மோல்டில் டால்கம் பவுடரைத் தூவிக் கவிழ்த்துத் தட்டிவிடலாம். ரெசின் நுணுக்கங்களுக்குள் எளிதாக இறங்கும். தெளிவான வார்ப்புக்கு இது கூடாது, மேற்பரப்பு மங்கும்.

கழுவிய மோல்டு உண்மையிலேயே காய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பார்க்கக் காய்ந்ததாக இருக்கும், உள் மூலையில் ஈரம் நிற்கும். வீட்டிலேயே டின் வகை (டின் சேர்மத்தால் இறுகும்) சிலிகானில் மோல்டு செய்பவர்களுக்கு ஒரு சொல்: அந்த சிலிகான் இறுகும்போது ஆல்கஹால் வெளிவிடும். மோல்டு பிரித்த அன்றே ரெசின் ஊற்றாமல் சில நாள் காற்றாட விடுங்கள்.

பூவையும் நூலையும் சுற்றி மட்டும் குமிழி

கல்யாண மாலையை ரெசினில் பதித்துத் தருவது இப்போது பல வீடுகளில் சிறு தொழிலாகிவிட்டது. அதிகக் கண்ணீர் வருவதும் இதில்தான். கீசெயின் கெட்டால் இன்னொன்று ஊற்றலாம். மாலை ஒன்றுதான் இருக்கும்.

பூவிலிருந்து குமிழி வர இரண்டு வழி. ஒன்று ஈரம். பூ முழுக்கக் காயாமல் இருந்தால் ரெசின் சூடேறும்போது ஈரம் ஆவியாகிக் குமிழியாகும், இதழும் பழுப்பாகும். சிலிக்கா ஜெல்லில் புதைத்து ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வைக்க வேண்டும். இதழை மடக்கினால் வளையக் கூடாது, பட்டென்று ஒடிய வேண்டும். ரோஜாவில் வெளி இதழ் ஒடிந்தாலும் அடிக்காம்பு ஈரமாகவே இருக்கும். அதைச் சோதிக்காமல் ரெசினில் வைக்காதீர்கள்.

இரண்டாவது வழி பூவின் வடிவம். சம்பங்கி ஒரு குழாய். அதை அப்படியே ரெசினில் அமுக்கினால் குழாய் முழுக்கக் காற்றோடு இறங்கும், பிறகு மணிக்கணக்கில் ஒவ்வொரு குமிழியாக விடும். வாய் மேலே இருக்கும்படி பிடித்து, சிரிஞ்ச் அல்லது சொட்டுக் குழாயால் உள்ளே ரெசினை நிரப்பிய பிறகே வைக்க வேண்டும். மல்லிகைக்கும் அப்படியே. ரோஜாவுக்கு இதழ் அடுக்குகளுக்கு நடுவே சொட்டுச் சொட்டாக விட்டு, பூவை லேசாகச் சாய்த்துச் சுழற்றினால் உள்ளே இருக்கும் காற்று வெளியேறும். பொறுமை வேண்டும். பொறுமை இல்லாத நாளில் ரோஜாவைத் தனித்தனி இதழாகப் பிரித்து வைத்துவிடுங்கள். அதுவும் அழகாகத்தான் இருக்கும்.

பலர் கவனிக்காதது மாலை கட்டிய நார். வாழை நார் பார்க்க மெல்லிசு, ஆனால் அதன் உள்ளெல்லாம் காற்று அறைகள். பூ சுத்தமாக இருந்தும் வரிசையாகக் குமிழி எழுகிறது என்றால், அந்த வரிசை நார் போகும் பாதையா என்று பாருங்கள். முடிந்தால் நாரை எடுத்துவிட்டுப் பூக்களை மட்டும் மாலை வடிவில் அடுக்குங்கள். வாடிக்கையாளர் நாரும் வேண்டும் என்றால், காய்ந்த நாரை முதலில் ரெசினில் நனைத்து, கையுறை போட்ட விரலால் நீவி, தனியாக இறுக விட்டு, பிறகு பயன்படுத்துங்கள். தாலிச் சரடு, பருத்தி நூல், ஜரிகை நாடா எல்லாவற்றுக்கும் இதே வழிதான். முறுக்கிய நூலுக்குள் இருக்கும் காற்று தானாக வெளியே வராது. நீவித்தான் எடுக்க வேண்டும். போட்டோ வைப்பதாக இருந்தால் இருபுறமும் ஓரமும் சேர்த்துப் பசை அல்லது சீலர் பூசிக் காயவையுங்கள். இல்லாவிட்டால் காகிதம் ரெசினைக் குடித்துத் திட்டுத் திட்டாகக் கருக்கும், குமிழியும் விடும்.

எல்லாவற்றையும் ஒரே தடவையில் ஊற்றவும் வேண்டாம். முதலில் 3 முதல் 5 மில்லிமீட்டர் அடுக்கு. அது கையுறை விரலில் ஒட்டும், ஆனால் விரலோடு வராது என்ற பதத்துக்கு வந்ததும் பூக்களை அடுக்கி, அவற்றின் பாதி உயரம்வரை இரண்டாவது அடுக்கு. குமிழி நின்ற பிறகு அடுத்தது. பதம் தாண்டி முழுக்க இறுகிவிட்டால், பூ இல்லாத இடங்களை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடைத்துவிட்டுத் தொடருங்கள். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இதழ் பக்கம் டார்ச்சைக் கொண்டு போனால் ஒரு நொடியில் கருகும்.

மரத்திலிருந்து வரிசை வரிசையாகக் குமிழி

பெயர்ப்பலகை, சுவர்க்கடிகாரம், சின்ன மேசை செய்பவர்களின் தலைவலி. ஊற்றும்போது சுத்தமாக இருக்கும். ஒரு மணி நேரத்தில் மரத்தின் ரேகைகளிலிருந்து குமிழி வந்துகொண்டே இருக்கும். எவ்வளவு உடைத்தாலும் தீராது. மாமரம், ரப்பர் மரம் போன்றவற்றில் துளை அதிகம். மரம் சூடாகும்போது அந்தத் துளைகளில் உள்ள காற்று விரிந்து வெளியே வருகிறது. இங்கே டார்ச் காட்டுவது மரத்தை இன்னும் சூடாக்குவதுதான்.

முதலில் துளைகளை அடைக்க, பிரஷ்ஷால் ரெசினில் மெல்லிய சீல் பூச்சு. துளை நிறைந்த மரத்துக்கு இரண்டு தடவை. அது இறுகிய பிறகே பெரிய ஊற்றல். பட்டையோடு இருக்கும் விளிம்பென்றால் பட்டையை உரித்துவிடுங்கள். அதற்கடியில் இருக்கும் காற்றுக்கும் தூளுக்கும் கணக்கே இல்லை.

நேரமும் முக்கியம். காலையில் ஊற்றினால் நாள் ஏற ஏற மரம் சூடாகும், காற்று வெளியே வரும். சாயங்காலம் சூடு இறங்கும்போது சீல் பூச்சு போட்டால் மரம் குளிர்ந்து, துளைகள் ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். செலவில்லாத வைத்தியம் இது, மாடி ஷெட்டில் வேலை செய்பவர்களுக்கு வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

நடுவில் கூட்டமாகக் குமிழி, மஞ்சள் நிறம், விரிசல்

இங்கே காற்று முதல் குற்றவாளி இல்லை, சூடு. எபாக்சி இறுகும்போது வெப்பம் வெளிவிடும். தடிமனான வார்ப்பில் அந்த வெப்பம் போக வழியில்லாமல் நடுவில் சேர்ந்து, வினையை இன்னும் வேகப்படுத்தும். பூச்சு ரெசின் என்று விற்பதை 3 முதல் 6 மில்லிமீட்டருக்கு மேல் ஊற்றக் கூடாது. ஆழமான மோல்டுக்கு ஆழ வார்ப்பு ரெசின் என்று தனியாக உண்டு. மெதுவாக இறுகும், ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். எவ்வளவு ஆழம் தாங்கும் என்று அதன் லேபிளில் இருக்கும். கெட்டியில்லாத திரவமாக இருப்பதால் குமிழி ஏறிப்போகவும் அதில் நேரம் கிடைக்கிறது. கடைக்காரர் "எல்லாத்துக்கும் இதே போதும்" என்றால் லேபிளைக் காட்டச் சொல்லுங்கள்.

ஊற்றிய வார்ப்பு கையை வைக்க முடியாத அளவு சூடானால் ஃபேனைப் போட்டு, மோல்டைக் காற்றோட்டமான இடத்துக்கு நகர்த்துங்கள். கோப்பையில் மிச்சம் வைத்த ரெசின் புகையத் தொடங்கினால் அதன் மேல் குனியாமல், வெளியே சிமெண்டுத் தரையில் வைத்துவிடுங்கள். குப்பைக்கூடையில் போடக் கூடாது. மஞ்சளாகி விரிசல் விட்ட வார்ப்பைக் காப்பாற்ற வழியில்லை.

முழுக்க மங்கலாக, பனி படிந்தது போல

போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். தனித்தனிப் புள்ளியாகத் தெரிந்தால் பொடிக் குமிழி; முதல் பகுதிக்குத் திரும்புங்கள். புள்ளியே இல்லாமல் பால் கலந்ததுபோல இருந்தால் ஈரம். வடகிழக்குப் பருவமழை நாட்களில் கடலோர ஊர்களில் இது அதிகம். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்டைத் தாராளமாகச் சேர்த்தாலும் இப்படி வரும். நிறமி எதுவானாலும் மொத்த எடையில் 5 சதவீதத்துக்குள் நிறுத்துங்கள். மைக்கா பவுடரையும் கிளிட்டரையும் கொஞ்சம் ரெசினில் குழைத்துவிட்டுப் பிறகு மொத்தத்தில் சேர்த்தால் அவற்றோடு வரும் காற்று குறையும்.

மேலே மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு போல ஒரு படலம் என்றால், காற்றின் ஈரத்தோடு ஹார்டனர் வினைபுரிந்ததன் அடையாளம் அது. வெதுவெதுப்பான தண்ணீரும் ஸ்கிரப்பரும் கொண்டு கழுவினாலே போய்விடும். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் தாள்தான் அடைத்துக்கொள்ளும்.

பாலியூரித்தேன், யுவி

பாலியூரித்தேன் ரெசின் நுரைத்துப் பொங்கியிருந்தால் கிளறலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அதன் ஐசோசயனேட் பகுதி தண்ணீரோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு உண்டாகும். ஈரமான மோல்டு, ஈரமான மரக்குச்சி, திறந்து வைத்த பாட்டில் என எதிலிருந்தும் ஈரம் வரலாம். ஈரப்பதம் மிகுந்த ஊரில் புதிதாகத் தொடங்குபவருக்கு நான் இதைச் சிபாரிசு செய்வதில்லை.

யுவி ரெசினை ஓரிரு மில்லிமீட்டர் அடுக்காக ஊற்றி, பல் குச்சியால் குமிழியை உடைத்து, அதன் பிறகே விளக்கில் வையுங்கள். தடிமனாக ஊற்றி விளக்கில் வைத்தால் சட்டென்று சூடேறி, உள்ளே இருக்கும் பொடிக் குமிழி பெருத்து அப்படியே உறைந்துவிடும்.

குமிழி போலிருக்கும், ஆனால் குமிழி இல்லை

மேற்பரப்பில் வட்ட வட்டமாக ரெசின் விலகி, அடித்தளம் தெரிகிறதா? எண்ணெய், கை வியர்வை, சிலிகான் ஸ்பிரே, ஃபர்னிச்சர் பாலிஷ் ஏதாவது அங்கே இருந்திருக்கிறது. இன்னொரு அடுக்கு ஊற்றினாலும் அதே இடத்தில் விலகும். உப்புத்தாள் போட்டு, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, உலர்ந்த பிறகு ஊற்றுங்கள்.

பிரஷர் பாட் வாங்கலாமா?

காற்றழுத்தத்தால் குமிழியை அமுக்கிச் சிறிதாக்கும் மூடிய பாத்திரம்தான் பிரஷர் பாட். தெளிவான கட்டிகளையோ பகடைக் காய்களையோ விற்பனைக்குச் செய்கிறீர்கள் என்றால் வாங்கலாம். மாலைச் சட்டத்துக்கும் கீசெயினுக்கும் தேவையில்லை. 40 முதல் 60 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு) அழுத்தத்தில், ரெசின் இறுகும்வரை வைத்திருக்க வேண்டும். 45 பிஎஸ்ஐயில் குமிழியின் கனஅளவு ஏறக்குறைய கால்பங்காகும், ஆனால் விட்டம் மூன்றில் இரண்டு பங்குக்குப் பக்கத்தில்தான் நிற்கும். பொடிக் குமிழி கண்ணிலிருந்து மறையும். பெரிய குமிழி சிறிய குமிழியாக அங்கேயே இருக்கும். மோல்டையும் அழுத்தத்திலேயே வார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிலிகானுக்குள் இருக்கும் குமிழிகள் அமுங்கி, வார்ப்பில் பரு போலப் புடைப்புகள் வரும்.

சமையல் குக்கரை இதற்கு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடவே கூடாது. குக்கரின் வெயிட் தாங்கும் அழுத்தம் 15 பிஎஸ்ஐ அளவுதான். அதில் கம்பிரசரை மாட்டுவது வெடிகுண்டைச் சமையலறையில் வைப்பதற்குச் சமம்.

காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்யூம் சேம்பர், பிரஷர் பாட்டுக்கு நேர்மாறான வேலை செய்வது. குமிழியைப் பெருக்கி வெளியே இழுக்கும். சிலிகான் கலவைக்கு மிகவும் பொருத்தம். கலவை பொங்கி எழும் என்பதால் அதன் அளவைப்போல நான்கைந்து மடங்கு பெரிய பாத்திரத்தில் வையுங்கள்.

இறுகிவிட்டது, இனி என்ன செய்வது?

மேற்பரப்புப் பள்ளம் எளிது. கூரிய ஊசியாலோ 1 மில்லிமீட்டர் டிரில் பிட்டாலோ வாயை அகலப்படுத்துங்கள். குறுகிய வாயுள்ள துளையில் ரெசின் இறங்காது, காற்றை மூடி நிற்கும். தூளைத் துடைத்து, அதே ரெசினைக் கொஞ்சம் கலந்து, பல் குச்சி நுனியால் அடியிலிருந்து நிரப்பி, சிறிது மேடாக விடுங்கள். இறுகியதும் 400, 800, 1500 எண் உப்புத்தாள்களால் அதே வரிசையில் தண்ணீர் விட்டுத் தேய்த்து பாலிஷ் போடலாம். தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தூள் பறக்காது. அப்படியும் மாஸ்க்கும் நைட்ரைல் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். இறுகாத ரெசின் கையில் பட்டால் தின்னரால் துடைக்க வேண்டாம், சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தின்னர் அதைத் தோலுக்குள் இன்னும் இழுத்துச் செல்லும்.

பக்கவாட்டுத் துளை என்றால் ரெசின் வழியாமல் இருக்க மேலே செல்லோடேப் ஒட்டி, அது இறுகிய பின் உரித்துவிடுங்கள். நிறம் சேர்த்த வார்ப்பில் ஆழத்தில் உள்ள குமிழியையும் துளையிட்டு நிரப்பலாம், தெரியாது. தெளிவான வார்ப்பில் அதைச் செய்தால் குமிழி போய்த் துளையின் தடம் நிற்கும். அது குமிழியைவிட அசிங்கமாகத் தெரியும் என்பதால் நான் அதைத் தொடுவதில்லை.